சிலைப் பூங்காவை மே கண்காட்சிக்குத் தயார் செய்வது: ஏற்காட்டுக் கணக்கு

பெங்களூரு லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடப்பது குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி. இரண்டுமே வெயில் இறங்கிய காலம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாதம்தான் என்றாலும், அது 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பான்சியும் பெட்டூனியாவும் அங்கே மே மாதத்திலும் சுகமாக நிற்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மே மாதப் பகல் 30 டிகிரியை எட்டும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். பூச்செடிக்கு ஆகாத மாதமாகப் பார்த்துத்தான் கோடை விழாவை வைத்திருக்கிறோம். கூட்டம் மலையேறுவது அப்போதுதான் என்பதால் மாதத்தை மாற்ற முடியாது, நாளைத்தான் சரியாக எண்ண வேண்டும். ஊட்டியின் விதைப்பு அட்டவணையை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டால், திறப்பு நாளுக்கு முன்பே பாதிச் செடி பூத்து ஓய்ந்திருக்கும்.

ஏரிக்கரை அண்ணா பூங்கா அளவுக்கு ஆள் பலம் இல்லாத இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்: பழைய எஸ்டேட் பங்களாத் தோட்டம், பள்ளி வளாகம், சேலம் பக்கத்து நகராட்சிப் பூங்கா. ஐந்தாறு சிலைகள், மொத்தம் 2,000 சதுர அடி பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம். திறப்பு மே 20 என்று கொள்வோம். உங்கள் தேதி வேறானால் எல்லா நாளையும் அதே அளவு நகர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் கல், பிறகு செடி

சிலை வேலையை ஜனவரியில் முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பாத்தி காலியாக இருக்கும், சாரம் கட்ட இடம் இருக்கும். ஏப்ரலில் செடி நட்ட பிறகு சிலையைக் கழுவப் போனால், கழுவுகிறவர் கால் பட்டே ஒரு பாத்தி போய்விடும்.

கழுவும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவையுங்கள், விரிசல் இருக்கும் இடங்களில் அளவுகோல் வைத்து எடுங்கள். அடுத்த ஜனவரியில் விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேறு ஆதாரம் கிடையாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சிலையானால் அவர்கள் அனுமதி இல்லாமல் தண்ணீர்கூடத் தெளிக்கக் கூடாது.

மற்றவை எதனால் ஆனவை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு ஆகும் வேலை இன்னொன்றுக்கு ஆகாது. சேர்வராயன் மலையே சார்னோகைட் பாறை. அந்தக் கருங்கல்லில் செய்த சிலை எதையும் தாங்கும் என்று நினைத்து ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் உண்டு. ஆசிட் பட்டால் கல்லில் உள்ள இரும்புச் சத்து வெளியே வந்து துருக்கறையாக வழியும், அது பிறகு போகாது. சலவைத்தூள், கம்பி பிரஷ், அழுத்தமாகப் பீய்ச்சும் மோட்டார் மூன்றும் வேண்டாம். வெறும் தண்ணீர், தேங்காய் நார் பிரஷ் அல்லது மெத்தென்ற நைலான் பிரஷ், பொறுமை. அவ்வளவுதான்.

வெண்பச்சைப் பத்தையாக ஒட்டியிருக்கும் கல்பாசியைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும். ஈரச் சாக்கைப் போர்த்தி அரை நாள் விடுங்கள். பாசி ஊறி உப்பும், அப்போது மூங்கில் சிம்பால் தள்ளினால் தானாகக் கழன்றுவிடும். முழுவதும் போகாவிட்டால் விட்டுவிடலாம். கொஞ்சம் பாசி இருப்பது பழைய சிலைக்கு அழகு என்பது எங்கள் கட்சி.

சுதைச் சிலைதான் வம்பு. அது சுண்ணாம்பு. மூக்கு உடைந்தது, விரல் போயிற்று என்றதும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் கெட்டி, சுண்ணாம்பு மெத்து. உள்ளே போன மழைநீர் சிமென்ட் வழியாக வெளியேற முடியாமல், சுற்றியிருக்கும் பழைய சுண்ணாம்பு வழியாகப் போகும். போகும்போது உப்பைக் கொண்டுவந்து அங்கே விடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஒட்டு அப்படியே இருக்கும், அதைச் சுற்றியிருந்த முகம் பொடிந்திருக்கும். ஒட்டு வேலைக்கு நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு போதும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த ஸ்தபதி கிடைத்தால் நல்லது. பூசிய பிறகு ஈரத்துணி போர்த்தி ஒரு வாரமாவது காயவிடாமல் வைக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் வலைவலையாக வெடிக்கும்.

எனாமல் பெயின்ட் அடித்த சிமென்ட் சிலைகள் நம் ஊரில் ஏராளம். பெயின்ட் பால்போலப் பளபளக்கும், ஒரே வருஷத்தில் கொப்புளிக்கும். காரணம் அதேதான், உள் ஈரம் வெளியேற வழியில்லை. அடுத்த முறை அடிக்கும்போது சுண்ணாம்பு அடியுங்கள், இல்லையென்றால் மூச்சு விடும் வகைச் சுவர் வண்ணம். வெண்கலச் சிலையில் புளியும், பித்தளை துலக்கும் பிராஸோவும் பட வேண்டாம். அந்தப் பழுப்புப் படலம்தான் அதற்குக் கவசம். நுரை குறைந்த சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகை மெல்லிசாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிடலாம். சலவைக்கல்லுக்கு எலுமிச்சை, வினிகர் கூடாது, கல்லையே கரைக்கும்.

பீடத்து இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று, ஆலங்கன்று இரண்டு இலையில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். விரல் கனம் ஆகிவிட்டால் இழுக்கக் கூடாது, வேரோடு கல் பெயரும். வெட்டிவிட்டு, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு வருஷத்தில் ஓயும்.

பீடத்தைச் சுற்றி ஒன்றரை அடி

சிலையின் பீடத்தை ஒட்டிச் செடி வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. பீடத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு நான்கு அங்குலம் மண்ணை எடுத்துவிட்டு முக்கால் அங்குல ஜல்லி கொட்டுங்கள். இதில் மூன்று லாபம். மழையில் செம்மண் தெறித்துப் பீடத்தில் சிவப்பு வரி விழாது. பாத்திக்கு ஊற்றும் தண்ணீரும் உரமும் கல்லில் ஏறாது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் கல்லில் ஊறிக் காய்ந்தால் வெள்ளை உப்பாகப் பூத்து மேல்தோலை உரிக்கும். மூன்றாவது, மாலை போட வருகிறவர்கள் நிற்க இடம் கிடைக்கும்.

பாதையிலிருந்து அந்த ஜல்லி வரை இரண்டடி அகலத்தில் நடைக்கல் பதியுங்கள். பதிக்காவிட்டாலும் மக்கள் பாதை போடத்தான் போகிறார்கள், உங்கள் சால்வியா மேல். செல்ஃபி எடுக்க எங்கே நிற்பார்கள் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே யோசித்துவிட்டால் பாதி வேலி மிச்சம்.

காரத்தன்மை இல்லாத நம் மலைமண்ணுக்கு ஹைட்ராஞ்சியா சொந்தக்காரன் மாதிரி. சேர்வராயன் உச்சிகளில் பாக்சைட் வெட்டியெடுத்த மண், அலுமினியம் நிறைந்தது, புளிப்பு மண். மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, 5.5-க்குக் கீழே இருந்தால் வேர் அலுமினியத்தை எடுத்துக்கொள்ளும், பூ நீலமாக வரும். 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் கரையாமல் நின்றுவிடும், பூ ரோஸ் நிறம். இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சிமென்ட் பீடம் ஒன்றின் பக்கத்தில் வரிசையாக நட்ட ஹைட்ராஞ்சியாவைப் பாருங்கள். பாதைப் பக்கம் நல்ல ஊதா நீலம். நடுவில் சாம்பல் படிந்த ஒரு நிறம். பீடத்தை ஒட்டிய கிளையில் வெளிறிய ரோஸ். ஒரே பதியன், ஒரே நாளில் நட்டது. பீடத்திலிருந்து மழையில் கரைந்து இறங்கிய சுண்ணாம்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பூவே அளந்து காட்டுகிறது. ஜல்லி ஓரத்துக்கு வெளியே இன்னும் ஓரடி தள்ளி நட்டால் நீலம் நிற்கும். அப்படியும் வெளுத்தால், படிகாரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, மொட்டு தெரிவதற்கு முன்பே, 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். மொட்டு விரிந்த பிறகு ஊற்றிப் பயனில்லை. காய்ந்த மண்ணிலும் ஊற்றக் கூடாது, வேர் கருகும்.

ஹைட்ராஞ்சியாவைப் பிப்ரவரியில் கத்தரிப்பது இன்னொரு பழக்கம். அது பழைய கிளையின் நுனியில்தான் பூக்கும். பிப்ரவரியில் வெட்டினால் மே மாதத்தில் இலை மட்டும் கிடைக்கும். பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணும் நாள்

விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாளுக்கு இங்கே ஒரு வாரம் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி இரவுகள் 13 டிகிரி வரை இறங்கும், முளைப்பு மந்தம். மே 20-க்கு எண்ணினால் இப்படி வரும்:

சைனா ஆஸ்டர், 110 நாள்: ஜனவரி 30
பெட்டூனியா, டயாந்தஸ், 100 நாள்: பிப்ரவரி 9
டாலியா கிழங்கு, 95 நாள்: பிப்ரவரி 14
சால்வியா, வாடாமல்லி, 90 நாள்: பிப்ரவரி 19
கோழிக்கொண்டை, 85 நாள்: பிப்ரவரி 24
குட்டைச் செண்டுமல்லி, 65 நாள்: மார்ச் 16
சினியா, காசித்தும்பை, 60 நாள்: மார்ச் 21
ரோஜா கவாத்து, 50 நாள்: மார்ச் 31

பான்சி பட்டியலில் இல்லாதது மறதியால் அல்ல. அதை டிசம்பருக்கு வையுங்கள். மே வெயிலில் அது கழுத்து நீண்டு, பூ காசு அளவுக்குச் சுருங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாதியைச் சொன்ன நாளிலும், கால் பங்கை எட்டு நாள் முன்னும், கால் பங்கை எட்டு நாள் பின்னும் விதையுங்கள். கண்காட்சித் தேதி கடைசி வாரங்களில் நகர்வது புதிதல்ல. வானம் ஒரு வாரம் மூடியிருந்தால் செடியும் நகரும்.

எண்ணிக்கைக்கு வருவோம். பாத்தியில் 9 அங்குல இடைவெளியில் நட்டால் சதுர அடிக்குச் சுமார் 1.8 செடி, 2,000 சதுர அடிக்கு 3,600. இருபது சதவீதம் சேதாரம் சேர்த்தால் 4,300 நாற்று. 6 அங்குலத் தொட்டிகளை நெருக்கி அடுக்கினால் சதுர அடிக்கு நான்கு. அதனால் தொட்டிகளைப் பீடத்தின் முன்புறத்துக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் செலவு கட்டுப்படும்.

நாற்றும் தொட்டி மண்ணும்

பெட்டூனியா விதை தூசி மாதிரி, ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம். அதைச் சலித்த மணலோடு கலந்து தூவுங்கள், மேலே மண் போட்டு மூடக் கூடாது. அது முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்ணீரைப் பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். தட்டை அடியிலிருந்து தண்ணீரில் நனைய வையுங்கள்.

நாற்றங்காலில் காலையில் நின்ற செடி மாலையில் தண்டு நூலாகிச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் ஓயாத ஈரமும்தான் காரணம். விதைக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து விதைப்பது முன்ஜாக்கிரதை. வந்துவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றி, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறையுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் மருந்து ட்ரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும்.

தொட்டிக் கலவை: செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1, கழுவிய தேங்காய் நார்க்கழிவு 1. நூறு லிட்டர் கலவைக்கு வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ. நார்க்கழிவை மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கும். ஏற்காட்டில் காப்பிப் பழத்தோல் சும்மாவே கிடைக்கிறதே என்று பலர் கேட்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலைக்கு அது குறைவில்லாத பொருள்தான். ஆனால் ஆறு மாதமாவது குவித்து, இரண்டு மூன்று முறை புரட்டி, சூடு முழுக்க ஆறி, மண்வாசனை வந்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் தொட்டிக்குள் வெந்து வேரை எரிக்கும்.

நாற்றைச் சேலத்தில் வளர்த்து மேலே ஏற்றுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று தண்ணீர். மலையடிவாரத்து மேக்னசைட் பூமியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, காரம் கூடியது. அதை ஊற்றினால் பெட்டூனியாவின் குருத்து, நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக வெளுக்கும். அது தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போடுவார்கள். உண்மையில் இரும்பு மண்ணில் இருக்கும், காரத்தால் செடிக்குக் கிடைக்காது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலையில் தெளித்தால் பத்து நாளில் குருத்து திரும்பும். சிலை பக்கத்தில் தெளிக்காதீர்கள், துருக்கறை.

இன்னொன்று பயணம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. தொட்டிகளைத் தக்காளி கிரேடில் நெருக்கி, இடையில் வைக்கோல் திணித்து ஏற்றுங்கள். முந்தின இரவு தண்ணீர் விட்டு, காலையில் விடாமல் ஏற்றினால் மண் கட்டியாக நிற்கும். திறப்புக்குக் குறைந்தது 12 நாள் முன்பே மேலே வந்துவிட வேண்டும். 38 டிகிரியில் வளர்ந்த செடி 28 டிகிரிக்கு வந்ததும் ஒரு வாரம் திகைத்து நிற்கும், சில மொட்டையும் உதிர்க்கும்.

மூன்றாவது சோடி இலை வந்ததிலிருந்து வாரம் ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு 2 கிராம். மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததும், தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து கூடிய 13:0:45-க்கு மாறுங்கள். கடைசி மாதத்திலும் தழைச்சத்தையே அள்ளிப் போட்டால் இலை மட்டும் காடாக நிற்கும்.

நுனி கிள்ளுவது நாளை நகர்த்தும் ஆயுதம். சால்வியாவில் ஒரு முறை கிள்ளினால் பூ இரண்டு மூன்று வாரம் தள்ளும், கிளை இரண்டு மடங்காகும். மேலே சொன்ன 90 நாளில் நான்காவது சோடி இலையில் கிள்ளும் ஒரு கிள்ளு அடக்கம். ஏப்ரல் 25-க்கு மேல் கத்தரி, நகம் எதுவும் செடியில் படக் கூடாது. கோழிக்கொண்டையைக் கிள்ளவே வேண்டாம், ஒரே பெரிய கொண்டைதான் அதற்கு அழகு.

ரோஜா, டாலியா, செவ்வந்தி

ரோஜாவை மார்ச் 26, 31, ஏப்ரல் 5 என மூன்று பங்காகக் கவாத்து செய்யுங்கள். பென்சில் கனமுள்ள கிளையை, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தனித்தனியாகக் கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் சேர்க்க வேண்டும். இரும்புச் சட்டி கூடாது. மயில்துத்தம் சிலையில் தெறித்தால் பச்சை நீலக் கறை, சலவைக்கல்லில் அது ஆயுசுக்கும் நிற்கும். மருந்து அடிக்கும் நாளில் சிலைக்குப் பருத்தித் துணி போர்த்தி, முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

டாலியாவுக்குக் குச்சியைக் கிழங்கு நடும்போதே ஊன்றுங்கள். செடி சாய்ந்த பிறகு ஊன்றினால் குச்சி கிழங்கைத் துளைக்கும், ஒரு வாரத்தில் அழுகி நிற்கும்.

செவ்வந்தி மே மாதத்தில் தானாகப் பூக்காது. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும், அதனால்தான் அதன் இயல்பான காலம் நவம்பர் முதல் ஜனவரி. மே 20-க்கு வேண்டுமென்றால் மார்ச் 18-லிருந்து, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு வரை தினமும் கறுப்புத் துணி போர்த்த வேண்டும். மொட்டில் நிறம் தெரிந்த பிறகு நிறுத்தலாம். நடுவில் மூன்று நாள் மறந்தால் கணக்கு குலையும். பக்கத்தில் தெருவிளக்கு இருந்து துணியில் ஓட்டை இருந்தாலும் அதே கதி. இதற்கு ஆள் இல்லாதவர்கள் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் கொய்மலரை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மழை

ஏப்ரல், மே பிற்பகல் மழைக்கு நிழல்வலை எந்தப் பாதுகாப்பும் தராது, துளியைப் பெரிதாக்கி விடும். மூங்கில் கட்டி, ஏழடி உயரத்தில், 200 மைக்ரான் பாலிதீனை நல்ல சரிவாக இழுத்துக் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். எல்லாச் செடியையும் அதற்குள் கொண்டுபோக முடியாது. பெரிய பூ பெட்டூனியா, ஆஸ்டர், டாலியா உள்ளே. வாடாமல்லி, சிறுபூ பெட்டூனியா, குட்டைச் செண்டுமல்லி வெளியே நின்று சமாளிக்கும். பெரிய செண்டுமல்லி தண்ணீரைக் குடித்துத் தலை கனத்து, கழுத்தில் ஒடியும். கண்காட்சிப் பாத்திக்கு அது வேண்டாம், மாலைக்கு மட்டும். கோழிக்கொண்டையின் மடிப்பில் தேங்கிய நீரை அன்று மாலையே உதறாவிட்டால் மூன்றாம் நாள் உள்ளிருந்து கறுக்கும்.

சிலைக்கு முன் என்ன நிறம்

கருங்கல் சிலைக்கு முன் அடர்சிவப்புச் சால்வியா வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை வையுங்கள். வெள்ளைச் சிலைக்குச் சிவப்பும் ஊதாவும் எடுக்கும், ஆனால் பின்னால் பச்சைத் தழை வேண்டும். பாத்தியின் உயரம் பீடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பெயரும் ஆண்டும் பொறித்த கல்வெட்டைச் செடி மறைத்துவிடுவது வழக்கமான அலட்சியம். அந்தப் பக்கம் ஆறு அங்குலத்துக்கு மேல் வளராத செடி மட்டும்.

தொட்டியை நேராகப் பீடத்தின் மேல் வைக்காதீர்கள். ஐந்து நாளில் செம்மண் வட்டம் பதியும். அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் மரத்துண்டு. மாலை போட்டால் பருத்தி நூலில் கட்டிய மாலை, கம்பி வேண்டாம். அன்று மாலையே கழற்றிவிடுங்கள். ஈரச் செண்டுமல்லி சுதையில் மஞ்சளாக இறங்கும்.

மலர் உருவம்

கூட்டம் முதலில் தேடுவது பூவால் செய்த யானையோ கப்பலோதான். எத்தனை பூ வேண்டும் என்பதை மேற்பரப்பு அளந்து சொல்லலாம். 5 செ.மீ. அகல ரோஜாவோ செவ்வந்தியோ சதுர அடிக்கு 37 பிடிக்கும். 3 செ.மீ. பொத்தான் செவ்வந்தி சுமார் 100. நான்கடி விட்டமுள்ள உருண்டையின் மேற்பரப்பு 50 சதுர அடி. ஆக 1,850 ரோஜா, பத்து சதவீதம் கூட்டினால் 2,035. யானையாக இருந்தால் துண்டு துண்டாக, உடல் ஓர் உருளை, தலை ஓர் உருண்டை, கால் நான்கு குழாய் என்று அளந்து கூட்டுங்கள். பூக்கடைக்காரரிடம் கண்மதிப்பில் சொன்னால் முதுகு வரை வந்து பூ தீர்ந்துவிடும்.

சட்டத்துக்கு 8 மி.மீ. கம்பி, மேலே கோழிவலை. உள்ளே பூக்காம்பு குத்தும் பச்சைப் பஞ்சுக்கட்டி. கட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அதுவாக மூழ்கும் வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் வெளியே ஈரமாகவும் உள்ளே காய்ந்தும் இருக்கும். அந்த இடத்தில் குத்திய பூ முதல் நாள் மதியமே தலை தொங்கும். கட்டிக்குப் பதில் சோலைக்காட்டுப் பாசியை உரித்து வருவது வேண்டாம். தேங்காய் நார் உருண்டை அந்த வேலையைச் செய்யும்.

பூவை விடியற்காலையில் வாங்கி, காம்பைச் சாய்வாக வெட்டி, நான்கு மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திய பிறகே குத்த வேண்டும். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, கால் கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக நிற்கும். தண்ணீர் தெளிப்பதைக் காலையிலும் நண்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு மேல் தெளித்தால் இரவு முழுக்க ஈரம் நின்று, இதழில் சாம்பல் பூசணம் பிடிக்கும்.

முடிந்த மறுநாள்

உருவங்களைப் பிரிக்கும்போது பஞ்சுக்கட்டியைக் குப்பைக்குழியில் சேர்க்காதீர்கள், அது மக்காது. தொட்டிகளை எடுத்ததும் பீடங்களை வெறும் தண்ணீரில் கழுவி, ஜனவரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செண்டுமல்லியிலும் வாடாமல்லியிலும் நல்ல செடி பத்துப் பன்னிரண்டுக்குச் சிவப்பு நூல் கட்டி விதைக்கு விடலாம். கடையில் வாங்கிய ஒட்டுரகப் பெட்டூனியாவுக்கு அந்த வேலை வீண், அடுத்த தலைமுறை பத்து விதமாக வரும். ஹைட்ராஞ்சியா கவாத்து ஜூன் முதல் வாரம். காலியான பாத்தியில் கல்வாழையும் கோலியஸும் நட்டுவிட்டால் அக்டோபர் மழை வரை மண் அரிக்காமல் நிற்கும்.